சிற்றுருவச் சிலைகளுக்கு இயல்பான தலைமுடி தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெசின், பிளாஸ்டிக், வெள்ளை உலோகம் ஆகியவற்றில் வார்த்த 75 மி.மீ. உருவங்களையும் (1/24 அளவு), 1/10 அளவு மார்பளவுச் சிலைகளையும் மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. 28, 32 மி.மீ. விளையாட்டு உருவங்களுக்கு எங்கே வழி மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் பெயிண்ட் என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக். நிற எண்கள் வலேஹோ மாடல் கலர் வரிசையைச் சேர்ந்தவை. வேறு நிறுவனப் பெயிண்ட் இருந்தால் அதே சாயலில் எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முடியாகத் தீட்ட வேண்டுமா?

வேண்டாம், முடியவும் முடியாது. மனித முடியின் தடிமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. 1/24 அளவில் அது 0.002 முதல் 0.004 மி.மீ. ஆகிவிடும். பழகிய கை, நல்ல பிரஷ், சரியாகக் கரைத்த பெயிண்ட் மூன்றும் சேர்ந்தாலும் சுமார் 0.1 மி.மீ.க்கும் மெல்லிய கோடு கிடைப்பது அரிது. அந்தக் கோட்டை உண்மை அளவுக்குப் பெருக்கினால் 2.4 மி.மீ. தடிமன் வரும். அது முடி அல்ல, கயிறு. தலை முழுவதும் அப்படிக் கோடு போட்டால் சணல் கட்டியது போல்தான் தெரியும்.

அதனால் நாம் தீட்டுவது முடிக்கற்றையை. முதலில் தலைமுடி மொத்தமும் ஒரே திரளாக ஒளியை எப்படி வாங்குகிறது என்று தீர்மானிக்க வேண்டும். அடுத்து ஒவ்வொரு கற்றையும் அந்தத் திரளுக்குள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தனிக்கோடுகள் கடைசியில், அதுவும் எண்ணிச் சிலவே. இந்த வரிசை தலைகீழானால் எவ்வளவு நுணுக்கமாகக் கோடு இழுத்தாலும் இயல்பு வராது.

சிலையிலேயே பள்ளம் மேடாக முடி செதுக்கியிருக்கிறது. கரும் வாஷ் (நீர்த்த பெயிண்ட்) விட்டு, மேலே டிரை பிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளை உரசுவது) செய்தால் போதாதா?

நாற்பது வீரர்கள் கொண்ட 28 மி.மீ. படைக்குப் போதும். மேசையில் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு அது நியாயமான வழிதான். தனி உருவத்துக்குப் போதாது.

வாஷ் எல்லாப் பள்ளத்தையும் ஒரே அளவில் இருட்டாக்கும். டிரை பிரஷ் எல்லா மேட்டையும் ஒரே அளவில் வெளுக்கும். உச்சியில் இருக்கும் மேடும் பிடரியில் நிழலுக்குள் இருக்கும் மேடும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும்போது தலையின் உருண்டை காணாமல் போகிறது. வரி தெரியும், வடிவம் தெரியாது. போதாக்குறைக்கு டிரை பிரஷ்ஷின் உலர்ந்த துகள் பெரிய உருவத்தில் மாவு பூசியது போல் நிற்கும். அடிக்கோலமாக முதலில் ஒருமுறை லேசாகச் செய்துகொண்டு, அதன்மேல் முறையாகத் தீட்டுவதில் தவறில்லை.

ஒளிப்பட்டை எங்கே விழ வேண்டும்?

முடி தீட்டுவதில் முக்கால்வாசி வேலை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பளபளப்பான நேர் முடியில் ஒளி, கற்றைகளுக்குக் குறுக்காக, தலையைச் சுற்றிய ஒரு வளையமாக விழும். உச்சந்தலையின் நட்டநடுவில் அல்ல. விளக்கு முன்பக்கம் மேலே இருந்தால், தலை மேலிருந்து பக்கவாட்டுக்குத் திரும்பும் வளைவில் அந்த வளையம் நிற்கும். உருவத்தை மேசை விளக்குக்குக் கீழே, பார்வையாளர் பார்க்கும் கோணத்தில் நிறுத்தி, பிரைமரின் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) மேல் மெல்லிதாகப் பளபள வார்னிஷ் தடவி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் எங்கே விழுகிறது என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் இல்லை. அப்புறம் அதன்மேல் மீண்டும் ஒரு மெல்லிய பிரைமர் கோட் கொடுத்துவிடலாம்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. முடியில் விழும் ஒளி ஒன்றல்ல, இரண்டு. கணினி வரைகலைக்காக ஸ்டீவ் மார்ஷ்னரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக விளக்கியது. ஒரு பகுதி ஒளி முடியின் மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்புகிறது. அதில் விளக்கின் நிறம்தான் இருக்கும். இன்னொரு பகுதி முடிக்குள் புகுந்து, பின்சுவரில் பட்டு, உள்ளே இருக்கும் நிறமியைக் கடந்து வெளியே வருகிறது. அதில் முடியின் நிறம் ஏறியிருக்கும். முடியின் மேல்செதில்கள் நுனியை நோக்கிச் சற்றே விரிந்து சாய்ந்திருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் விழுவதில்லை. தலையின் வளைவில் வெண்ணொளி நுனிப்பக்கமாகவும், நிற ஒளி வேர்ப்பக்கமாகவும் விலகி நிற்கும்.

பிரஷ்ஷுக்கு இதை மொழிபெயர்த்தால்: குறுகிய வெளிர் பட்டை ஒன்று, அதை ஒட்டி மேலே, வேர்ப்பக்கமாக, செறிவான நிறத்தில் சற்று அகலமான பட்டை ஒன்று. பழுப்பு முடியில் வெளிர்பட்டைக்கு மேலே, வேர்ப்பக்கமாக, ஒரு செம்பழுப்புக் கிளேஸ் (அடிநிறம் தெரியும்படி மிக நீர்த்த பூச்சு) கொடுத்துப் பாருங்கள். அதுவரை பெயிண்டாகத் தெரிந்தது முடியாகத் தெரியத் தொடங்கும்.

தீட்டும் முன் சிலையில் என்ன பார்க்க வேண்டும்?

வார்ப்புக் கோடு, அதாவது அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்தில் நிற்கும் மெல்லிய வரம்பு. காதுக்கு மேலாக, உச்சி வழியாக ஓடும். முடியின் மேல் இருப்பதால் 'தெரியாது' என்று விட்டுவிடத் தோன்றும். முதல் ஒளிப்பட்டை போட்டதுமே தெரியும். கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அழிந்துபோன வரிகளை ஊசி நுனியாலோ கத்தி முனையாலோ பக்கத்து வரிகளின் போக்கிலேயே மீண்டும் கீறிவிடுங்கள். ரெசின் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டுக் கழுவி முழுக்க உலரவிட வேண்டும். அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் கற்றையின் மேட்டில்தான் பெயிண்ட் முதலில் உரியும். சுரண்டும்போதும் தேய்க்கும்போதும் முகமூடி போடுங்கள், ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

பிரைமரைத் தடிமனாக அடித்தால் நுண்வரிகள் நிரம்பிவிடும். ஸ்பிரே டப்பாவை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, இரண்டு மூன்று மெல்லிய கோட். கறுப்புப் பிரைமர் முழுக்க அடித்து, மேலிருந்து மட்டும் வெள்ளையோ சாம்பலோ லேசாக அடித்தால் திரளின் நிழல் ஒளி இரண்டும் அப்போதே புலப்படும்.

எந்த பிரஷ்?

மிகச் சிறிய 000, 5/0 எண்களை வாங்கிப் பலர் காசை வீணாக்குகிறார்கள். அவற்றின் வயிற்றில் பெயிண்ட் நிற்காது. நுனிக்கு வருவதற்குள் உலர்ந்துவிடும், கோடு பாதியில் அறுந்துபோகும். கூர்மையான நுனியுள்ள 1ஆம் எண் பிரஷ் முடிக்கு மிகச் சரியானது. கிளேஸுக்கு 2, கடைசிக் கோடுகளுக்கு 0 இருந்தால் போதும்.

வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7, ரஃபேல் 8404 போன்றவை கோலின்ஸ்கி எனப்படும் சைபீரிய மரநாய் இன விலங்கின் வால் முடியில் செய்தவை. நுனியும் நீண்டநாள் உழைப்பும் அவற்றின் பலம். செயற்கை இழை பிரஷ்ஷும் முடி தீட்டப் போதுமானதே. சில மாதத்தில் நுனி கொக்கிபோல் வளையும், அப்போது அதை வாஷுக்கு ஒதுக்கிவிடலாம். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கீரி முடி பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'இயற்கை முடி' என்று மட்டும் சொல்லி விற்றால் எந்த விலங்கின் முடி என்று கேளுங்கள்.

பெயிண்டை எவ்வளவு கரைக்க வேண்டும்? கோடு ஏன் சீராக வருவதில்லை?

அடிக்கோட்டுக்கு (முதல் நிறப் பூச்சுக்கு) இரண்டு பங்கு பெயிண்ட், ஒரு பங்கு தண்ணீர். கற்றைகளை ஏற்றும்போது ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு இரண்டு. கிளேஸுக்கு ஒரு பங்கு பெயிண்ட், ஆறு முதல் எட்டுப் பங்கு தண்ணீர். ஈரப் பலகையில் கலந்தால் இந்த அளவு மாறாமல் நிற்கும். மூடியுள்ள தட்டையான டப்பா, ஈரமான ஸ்பாஞ்சு, அதன்மேல் பேக்கிங் தாள், அவ்வளவுதான் ஈரப் பலகை.

பிரஷ்ஷில் பெயிண்டை எடுத்ததும் நேராகச் சிலைக்குப் போகாதீர்கள். டிஷ்யூ தாளில் ஒருமுறை பக்கவாட்டில் ஒற்றி எடுங்கள். ஒற்றாவிட்டால் பெயிண்ட் பள்ளத்துக்குள் ஓடிவிடும். கோடு அறுந்தால் பெயிண்ட் கெட்டி, பரவினால் தண்ணீர் அதிகம் அல்லது ஒற்றவில்லை.

இழுக்கும் திசையில் ஒரு நுட்பம் உண்டு. கிளேஸில், பிரஷ்ஷைத் தூக்கும் இடத்தில்தான் நிறமி அதிகம் சேரும். அதனால் ஒளி கிளேஸை வளையத்தை நோக்கி இழுத்து அங்கே முடியுங்கள், நிழல் கிளேஸைப் பள்ளத்தை நோக்கி இழுங்கள். கோட்டில் நேர்மாறு: அழுத்தும் இடத்தில் தடிமன், தூக்கும் இடத்தில் கூர்மை. ஆகவே ஒளிக்கோட்டை வளையத்தின் நடுவில் தொட்டு, மேல்நோக்கி ஒன்றும் கீழ்நோக்கி ஒன்றுமாக வெளியே வீசி எடுங்கள். இரு முனையும் கூர்ந்து மறையும். கோடுகள் எல்லாம் ஒரே நீளத்தில் முடிந்தால் வளையம் கத்தரித்த நாடாபோல் தெரியும், ஏற்ற இறக்கமாக இருக்கட்டும்.

கறுப்பு முடி தீட்டினால் நரைத்தது போல் ஆகிவிடுகிறது. ஏன்?

நடுநிறம், அதாவது நிழலுக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட நிறம், அதிகமாகிவிட்டது. கறுப்பு முடிக்குள் புகும் ஒளியைப் பெரும்பாலும் மெலனின் என்ற நிறமி விழுங்கிவிடுகிறது. மேலே சொன்ன இரண்டாவது ஒளி ஏறக்குறைய இல்லை. மிஞ்சுவது மேற்பரப்பின் பிரதிபலிப்பு மட்டும். எனவே கறுப்பு முடியில் ஒளி குறுகலாகவும் கூர்மையாகவும் இருக்கும், விளக்கின் நிறத்தையே காட்டும். திறந்த வானத்தின் கீழ் நீலச்சாயல், வீட்டு மஞ்சள் விளக்கில் மஞ்சள் சாயல். படிப்படியாகச் சாம்பலை ஏற்றி அகலமாகப் பரப்பினால் அது நரைதான்.

75 மி.மீ. உருவத்தில் வெளிப்புற வெளிச்சத்துக்கு இப்படிச் செய்யலாம். பிளாக் (70.950) மூன்று பங்கும் ஜெர்மன் கேமஃப்ளாஜ் பிளாக் பிரவுன் (70.822) ஒரு பங்கும் கலந்து இரண்டு மெல்லிய அடிக்கோட். அந்தக் கலவை இரண்டு பங்குக்கு டார்க் பிரஷ்யன் புளூ (70.899) ஒரு பங்கு சேர்த்து, ஒளி பார்க்கும் கற்றைகளின் மேட்டில் மட்டும் ஒரு ஏற்றம். அடுத்து இதனுடன் பேல் கிரே புளூ (70.907) சம அளவு கலந்து, வளையத்துக்குள் மட்டும் குட்டைக் கோடுகள். கடைசியாக 70.907ஐ ஒன்றுக்கு மூன்றாகக் கரைத்து, மிக முன்னே நிற்கும் ஐந்தாறு கற்றைகளில் தலா ஓரிரு கோடு. பிறகு கறுப்புக் கிளேஸை வளையத்தின் இரு ஓரத்திலிருந்தும் வெளிநோக்கி இழுத்து நடுநிறத்தை மீண்டும் குறுக்குங்கள். வேலை முடிந்த தலையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு கறுப்பாகவே இருக்க வேண்டும். தைரியமாக விட்டுவைக்க வேண்டிய கறுப்பு அது.

முடி மெலிந்து தனித்து நிற்கும் நுனிகளிலும் காதோரத்திலும் மட்டும், பின்னாலிருந்து ஒளி வரும்போது செம்பழுப்பு எட்டிப்பார்க்கும். 70.822உடன் துளி ஆரஞ்சு பிரவுன் (70.981) சேர்த்த கிளேஸ் அதற்குப் போதும்.

பொன்னிற முடி மஞ்சள் பிளாஸ்டிக் போல் வருகிறதே?

மஞ்சள் பெயிண்டில் தொடங்கினால் அப்படித்தான் வரும். பொன்னிறத்தின் அடி, அழுக்கான காக்கி. இங்கிலிஷ் யூனிஃபார்ம் (70.921) அல்லது கிரீன் ஓக்கர் (70.914) அடிக்கோட்டாக. நிழலுக்குச் சாக்லேட் பிரவுன் (70.872), அதில் ஊதா ஒரு துளி. ஊதா மஞ்சளுக்கு எதிர்நிறம் என்பதால் பக்கத்தில் இருக்கும் காக்கியைப் பொன்னாகக் காட்டும். மேலே டார்க் சேண்ட் (70.847), பேல் சேண்ட் (70.837), கடைசி மினுக்கத்துக்கு ஐவரி (70.918). தூய வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பாகிவிடும். இரட்டை ஒளி மிக அழகாகத் தெரிவது பொன்னிறத்தில்தான். வெளிர்பட்டைக்கு மேலே, வேர்ப்பக்கமாக, மெல்லிய யெல்லோ ஓக்கர் (70.913) கிளேஸ் இரண்டு முறை கொடுங்கள்.

பழுப்பு, செம்பட்டை?

பழுப்புக்கு 70.822, 70.872, பெய்ஜ் பிரவுன் (70.875), உச்சத்தில் பஃப் (70.976). தொடக்கக்காரர்கள் பழக ஏற்ற நிறம் இதுவே.

செம்பட்டைக்கு ஹல் ரெட் (70.985), ஆரஞ்சு பிரவுன் (70.981), ஓக்கர் பிரவுன் (70.856), சன்னி ஸ்கின் டோன் (70.845). வெள்ளை சேர்த்தால் இளஞ்சிவப்பாகும், சேர்க்கவே கூடாது.

நரை?

நரைமுடி என்பது வெளிறிய கறுப்பு அல்ல, நிறமுள்ள முடியும் நிறமற்ற முடியும் கலந்து கிடப்பது. அதனால் பழைய நிறத்திலேயே தலையை முடித்துவிட்டு, கன்னப்பொறியிலும் காதுக்கு மேலேயும் நியூட்ரல் கிரே (70.992) கோடுகளை முதலில் ஏற்றி, பின் உச்சியை நோக்கிக் குறைத்துக்கொண்டே போங்கள். தாடியில் மோவாய்ப் பகுதி முதலில் நரைத்ததாகக் காட்டினால் பொருத்தமாக இருக்கும். முழு வெண்முடிக்கு டெக் டேன் (70.986) அடி, நிழலில் நீலச்சாம்பல் கிளேஸ். தூய வெள்ளையை இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், மேலே ஏற இடமிருக்காது.

நெற்றியில் முடி தொடங்கும் இடம் விக் வைத்தது போல் இருக்கிறது.

தோலும் முடியும் ஒரே கோட்டில் முட்டிக்கொள்வதுதான் காரணம். நெற்றி ஓரத்தில் முடி அடர்த்தி குறைந்து தோல் தெரியும். தோலின் நடுநிறமும் முடியின் அடிநிறமும் சம பங்கு கலந்து, கிளேஸ் பதத்துக்குக் கரைத்து, ஓரத்தில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு மூன்று நான்கு தடவை கொடுங்கள். ஒவ்வொன்றும் உலர்ந்த பின் அடுத்தது. அதன்மேல் முடி நிறத்தில் சிறுகோடுகளைத் தோலிலிருந்து முடிக்குள் இழுங்கள், முடி வளரும் திசையில். கன்னப்பொறி, கிருதா, பிடரி மூன்றுக்கும் இதே. வகிட்டில் தோல்நிறத்தை அப்படியே விட்டால் கீறல்போல் தெரியும், அதையும் இந்தக் கலவையால் மங்கலாக்குங்கள். எனவே முகத்தை முழுதாக முடித்த பிறகே முடிக்கு வர வேண்டும். 28 மி.மீ.யில் ஒரே ஒரு கிளேஸ் போதும், ஆனால் அதை விடாதீர்கள்.

சுருள், பின்னல், அலை முடிக்கு அந்த வளையம் பொருந்துமா?

அலைமுடியில் வளையம் உடைந்து, மேல்நோக்கிப் பார்க்கும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு துண்டாக விழும். அலையின் அடிவயிறு இருட்டாக இருக்க வேண்டும். பின்னலில் ஒவ்வொரு புரியும் தனி உருண்டை, நடுவில் ஒளி, இரு புரி சேரும் இடுக்கில் அடர்நிழல். எல்லாப் புரிக்கும் ஒளி கொடுத்த பின், தோளிலிருந்து கீழே போகப் போக நிழல் கிளேஸால் பின்னலை மொத்தமாக மங்கலாக்க மறந்துவிடுகிறார்கள். அதைச் செய்தால்தான் பின்னல் முதுகில் தொங்கும்.

ஆப்பிரிக்க மக்களின் நெருக்கமான சுருள்முடியில் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுவதால் வளையமே கிடையாது. 70.822 அடிமேல், பிரஷ் நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, உருண்டை வடிவத்துக்கு ஏற்ப மெதுவாக வெளுத்துக்கொண்டு போக வேண்டும். கோடு ஒன்றுகூட வேண்டாம். இறுதியில் முழு மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ்.

புருவம், மீசை, சவரம் செய்த தாடை?

புருவத்தைக் கறுப்பால் ஒரே இழுப்பில் போட்டால் முகம் பொம்மையாகிவிடும். முடி நிறத்தில் மூன்றில் ஒரு பங்கு தோல்நிறம் கலந்து, மூக்குப் பக்கம் மேல்நோக்கியும் போகப்போகச் சாய்வாகவும் சிறுகோடுகள். மீசையில் மூக்குக்கு நேர்கீழே எப்போதும் நிழல்.

சவர நிழலுக்கு டார்க் பிரஷ்யன் புளூவுடன் தோல்நிறம் சம பங்கு, எட்டுப் பங்கு தண்ணீர். மேலுதடு, மோவாய், தாடையெலும்பின் கீழிருந்து குரல்வளை வரை நான்கைந்து கோட். கன்னத்தின் மேல்பகுதிக்கு ஏறக் கூடாது. 1/10 மார்பளவுச் சிலையில் அதன்மேல் மிக நுண்ணிய புள்ளிகள் வைத்தால் இரண்டு நாள் தாடி. பொன்னிற முடிக்காரருக்கு நீலத்துக்குப் பதில் பழுப்பு.

ஆயில் கலர் பயன்படுத்தலாமா?

1/10 அளவில் தாராளமாக. மணிக்கணக்கில் உலராமல் இருப்பதால் கற்றையின் போக்கில் உலர்ந்த பிரஷ்ஷால் இழுத்து இழுத்துக் கலக்கலாம், வரி தானாக வரும். அடியில் அக்ரிலிக் முழுக்க உலர்ந்து ஒரு நாள் ஆகியிருக்க வேண்டும். டியூபிலிருந்து எடுத்ததை ஓர் அட்டைத்துண்டில் அரை மணி வைத்து எண்ணெய் உறிஞ்சவிட்டால் பளபளப்பு குறையும். பர்ன்ட் அம்பரில் மாங்கனீசு இருப்பதால் ஓரிரு நாளில் உலரும். ஐவரி பிளாக்கும் டைட்டானியம் ஒயிட்டும் பல நாள் எடுக்கும். கறுப்பு முடியை ஆயிலில் தொடங்குபவர்கள் அதற்குள் தொட்டுவிடாமல் தூசி படாத டப்பாவுக்குள் வைக்க வேண்டும்.

சென்னை வெயிலில் பெயிண்ட் பிரஷ் நுனியிலேயே உலர்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது.

வெயிலுக்கு: மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடம், ஈரப் பலகை, பத்துத் துளி பெயிண்ட்டுக்கு ஒரு துளி ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்). அதற்கு மேல் ரிடார்டர் சேர்த்தால் கீழ்க்கோட் கரைந்து எழும்பும். மழைக்காலத்தில் மேட் ஸ்பிரே அடிக்காமல் பிரஷ்ஷால் தடவும் வார்னிஷ்ஷுக்கு மாறிவிடுங்கள். கறுப்பு முடியில் பூத்தால் பளிச்சென்று தெரியும். பூத்துவிட்டால் அதன்மேல் பளபள வார்னிஷ் மெல்லிதாக ஒருமுறை தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கடைசியில் மேட் வார்னிஷ் அடித்ததும் முடி செத்துப்போகிறது.

உருவம் முழுவதையும் மேட் செய்யுங்கள், பின் முடிக்கு மட்டும் சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ்ஷை 1ஆம் எண் பிரஷ்ஷால் தடவுங்கள். நரைக்கும் சுருளுக்கும் சாட்டினும் மேட்டும் சமபங்கு கலந்தால் அளவாக இருக்கும். எண்ணெய் தடவிய முடிக்கும் நனைந்த முடிக்கும் அடிநிறத்தை ஒரு படி இருட்டாக்கி, ஒளிக்கோடுகளைக் குறைத்து, தடிமனாக்கி, கற்றைகளின் மேட்டில் மட்டும் பளபள வார்னிஷ். பள்ளத்துக்குள்ளும் வார்னிஷ் இறங்கினால் அங்கேயும் விளக்கு மின்னும், நீங்கள் தீட்டிய நிழல் அடிபட்டுப்போகும்.